ப்ரீ-ஃபார்ட்டி டூ வீடு விற்பனைக்கு

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு முற்பகல். வெளிப்படிக்கட்டில் ஏறி வந்த பெண்மணி, குடையை மடக்குவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

"கோமதி பஹன்தானே? நான் ஜைனப். ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிடயர் ஆனவ. கீழே கேட்ல போர்டு பார்த்தேன், பேரு கீழ்வீட்டுல சொன்னாங்க. சச்சி சொல்றேன், கண்ணுல தண்ணி வந்திருச்சு. இத்தனை வருஷத்துல இந்த மேட்டுல ஒருத்தர்கூட நம்ம ஆளுங்களுக்குன்னு போர்டு போட்டதில்ல."

குடையிலிருந்து வடிந்த நீர் மெருகேற்றிய தரைப்பலகையில் வட்டமாகத் தேங்கியது. நான் துடைப்பதற்குத் துண்டை எடுத்துக்கொண்டே, 'நம்ம ஆளுங்க' என்று அவர் யாரைச் சொல்கிறார் என்று யோசித்தேன். அவர் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எனக்குப் பக்கத்தில், தாழ்வாரத்துப் பிரம்பு நாற்காலியில், என் கணவர் தேநீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். ஓசையே எழாமல் வைத்தார். நாற்பது ஆண்டுக்கால மணவாழ்வில் அவர் எந்தப் பாத்திரத்தையும் அப்படி வைத்ததில்லை.

இந்தத் தொடரில் இதுவரை கடலையும் கப்பல்களையும் பற்றியே அதிகம் எழுதிவிட்டேன். இந்த வாரம் வீட்டை விட்டு வெளியே போகப்போவதில்லை. அன்றைக்கு ஜைனப் ஆபா, அதாவது ஜைனப் அக்கா, ஏறி வந்த அந்தப் படிக்கட்டுக்குமேல் இருந்த வீடு அது.

மேட்டில் ஒரு முகவரி

போர்ட் பிளேர் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஹேடோ மேட்டில், இரண்டு தளங்களும் நான்கு குடியிருப்புகளும் கொண்ட மரக் கட்டடம். மேல்தளத்தின் வடக்குப் பாதி எங்களுடையது. சாத்தம் மர ஆலையில் அறுத்த படாக் மரத்தால், ஜப்பானியர் இந்தத் தீவுகளுக்கு வருவதற்கு முன்பே கட்டியது. படாக் இந்தக் காடுகளின் மரம். சிவந்திருக்கும், இரும்பைப் போலக் கனக்கும். பூமி அதிர்ந்து கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில், சுற்றியிருந்த புதிய சிமென்ட் வீடுகளெல்லாம் விரிசல் விட, எங்கள் வீடு முனகிக்கொண்டே ஆடி, முனகிக்கொண்டே நின்றது.

போர்க்காலத்தில் அங்கே ஜப்பானிய அதிகாரிகள் தங்கினார்கள் என்பார் ஒருவர். இல்லை, அரிசி மூட்டைதான் அடுக்கியிருந்தார்கள் என்பார் இன்னொருவர். கொல்லைப்புறத்தில் அவர்கள் விட்டுப்போன பதுங்குகுழி ஒன்றுதான் சந்தேகத்துக்கு இடமில்லாதது. அதில் கீழ்வீட்டுக் கோழிகள் அடைகாக்கும்.

நான் மணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய காலத்தில், அந்த மேடு உயர் அதிகாரிகளுக்கும் மர வியாபாரிகளுக்கும் உரியது. பிறகு மருத்துவர்களும் தங்கும்விடுதி முதலாளிகளும் வந்தார்கள். ஆட்டோக்காரரிடம் 'ஹேடோ மேடு' என்று சொன்னால் போதும், 'மேடம்' என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த எனக்கு அந்த மரியாதை முதலில் கூச்சமாகவும் பிறகு பழக்கமாகவும் இருந்தது.

என் கணவர் இங்கேயே பிறந்தவர். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் காரைக்குடிப் பக்கத்திலிருந்து, ஒப்பந்தக்காரர் ஒருவரின் கணக்கராக வந்தவர் அவருடைய தந்தை. இவர் துறைமுகத்தில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். தமிழ்நாட்டைப் பற்றிப் பேசினால் 'மெயின்லேண்ட்' என்பார், வேறொரு நாட்டைச் சொல்வதைப் போல. அரசாங்கம் ஊரின் பெயரையே மாற்றிய பிறகும், தபால் கவரின் பின்புறம் போர்ட் பிளேர் என்றே எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டைப் புதுப்பித்தபோது விற்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இறுதிவரை அங்கேயே வாழ்வதற்காகப் புதுப்பித்தோம். கூரைத் தகடு மாற்றினோம். தாழ்வாரத்துக்குக் கண்ணாடிச் சட்டங்கள் வைத்தோம். குளியலறையில் வெந்நீர் வந்தது. புத்தக அலமாரிகளுக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க எப்போதும் எரியும் சிறு விளக்குகளைப் பொருத்தினோம். மாலையில் அந்த வெளிச்சத்தில் புத்தகங்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தனையையும் இன்னொருமுறை படித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வளைந்த பலகைகள்

தரையை இழைத்து மெருகேற்றி முடித்த அன்று, நான் தச்சரிடம் சண்டைக்குப் போனேன். கூடத்தின் நடுவே பலகைகள் வளைந்திருந்தன. அலை மேலெழுந்து தாழ்வதைப் போல நெளிந்திருந்தன.

"சீதா ஹை, தீதி," என்றார் அந்த வங்காளி. நேராகத்தான் இருக்கிறதாம். இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை. மனம் வருந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் கணவர் ஒரு நூலை எடுத்து வந்து, கூடத்தின் ஒரு முனையில் என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இழுத்துப் பிடித்தார். "இப்ப பாரு. பலகை நூலோட ஒட்டிப் போகுதா இல்லையா?"

ஒட்டித்தான் போனது. ஆனால் நூலும் வளைந்திருந்தது.

அதைச் சொன்னதும் அவர் நூலைக் கீழே விட்டுவிட்டார்.

விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறது என்றார் மதுரையில் பார்த்த மருத்துவர். இடது கண்ணில் பழைய மங்கல் ஏற்கனவே உண்டு. இப்போது வலது கண். மாதம் தவறாமல் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்; தவறினால் முதலில் எழுத்து போகும், பிறகு முகங்கள். "போன பார்வை திரும்பாதும்மா," என்று அவர் சொன்னபோது, அந்தக் குரலில் இருந்த நேர்மைக்காக அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

விமானத்தில் போய்ப் போய் வந்தோம். ஒருமுறை, எங்களை ஏற்றிப்போகத் தரையிறங்க வந்த விமானம் மழைக்குப் பயந்து திரும்பிப்போனது. அடுத்த பயணத்துக்கு இடம் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் செய்தித்தாளில் தலைப்பைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சாம்பல் தூவிய தாளாகிவிட்டது.

வீட்டை விற்றுவிட்டு மதுரையில் மகள் வீட்டுக்கு அருகே போய்விடுவோம் என்று நான்தான் சொன்னேன். "டீக் ஹை," என்றார் என் கணவர். அவருடைய 'டீக் ஹை'யில் பல வகை உண்டு. சரி என்று பொருள்படுவது ஒன்று. பார்க்கலாம் என்று பொருள்படுவது ஒன்று. இந்தப் பேச்சு இத்துடன் முடியட்டும் என்பது வேறொன்று.

அதுமுதல் எனக்குப் படித்துக்காட்டுவது அவர் பொறுப்பாயிற்று. செய்தித்தாள், மருந்துச்சீட்டு, மகள் அனுப்பும் குறுஞ்செய்திகள், பாதியில் நின்ற நாவல்கள். துறைமுக ஒலிபெருக்கியில் கப்பல் நேரம் சொல்பவரைப் போல, ஏற்ற இறக்கமில்லாமல் கவிதையையும் படிப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. தன்னுடையது எதையும் சேர்க்காமல், எழுத்தை அப்படியே என் கையில் ஒப்படைக்கும் குரல் அது.

வராத பார்ட்டிகள்

தரகர் பாண்டி இராமநாதபுரத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகாதவர். செல்பேசிக் கடையும் வைத்திருந்தார், வீடும் முடித்துக் கொடுத்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார்.

"அம்மா, இது வீடில்ல, மியூசியம். எப்பக் கட்டுனது சார்?"

"ஜப்பான் டைமுக்கு முன்னாடி," என்றார் என் கணவர்.

"அது எப்ப சார்? எனக்கு வருஷமாச் சொல்லுங்க."

"ஃபார்ட்டி டூவுக்கு முன்னாடி."

"போதும் சார். பழசுன்னாத்தான் இப்ப மதிப்பு. அதையே போர்டுல பெருசாப் போட்டுருவோம்."

சில நாளில் வாசற்கதவில் பலகை தொங்கியது. மாடியிலிருந்து பார்த்தால் எனக்கு மஞ்சளாக ஒரு சதுரம் தெரிந்தது. கீழே போனாலும் அதுதான் தெரியும்.

"என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டேன்.

"பழைய மர வீடு, புதுப்பிச்சது, விற்பனைக்கு. கீழே அவன் ஃபோன் நம்பர்," என்றார் என் கணவர். அதே ஒலிபெருக்கிக் குரல்.

அதன்பிறகு காத்திருக்கத் தொடங்கினேன். நான் பொறுமைசாலி என்று பேர்பெற்றவள். நூலகத்தில் ஒரே புத்தகத்தைத் தேடி ஒரு கோடை முழுவதும் செலவிட்டிருக்கிறேன். ஆனால் அந்த வாரங்களில் என்னால் ஒரு நாற்காலியில் ஒரு தேநீர் முடியும்வரை உட்கார முடியவில்லை. படிக்கட்டில் காலடி கேட்டால் எழுவேன். அது கீழ்வீட்டுக்கு வந்தவராக இருக்கும். மெத்தை உறையைத் தட்டுவேன். சமையலறை இழுப்பறைகளைத் திறந்து மூடுவேன். நன்றாயிருக்கும் கண்ணை மூடி, மங்கலான கண்ணால் சுவரைப் பார்ப்பேன். பிறகு, நன்றாயிருக்கும் கண் என்று ஒன்று இருக்கிறதா என்று சோதிப்பேன்.

யாரும் வரவில்லை.

"ஃபோன் வருதும்மா, வராம இல்ல," என்றார் பாண்டி. "எடுத்ததும் 'அங்கேதானா, அந்த போர்டா'ன்னு கேக்குறாங்க. ஆமான்னா, 'அப்ப வேணாம் பாய்'னு வச்சிர்றாங்க. எனக்கே ஒண்ணும் பிடிபடல."

பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரியில் வந்து மீன் விற்கும் செல்லம்மா, ஒருநாள் சூரை மீனைத் துண்டு போட்டுக்கொண்டே சீண்டினாள்.

"எங்களுக்கெல்லாம் வீட்டைக் குடுக்க மாட்டீங்களாமே, அம்மா?"

"ஏன், உனக்கு வேணுமா?"

"ஆத்தாடி! எனக்கு எப்படிக் குடுப்பீங்க? நாங்கள்லாம் நேத்து வந்த சனம். நீங்களும்தான் நேத்து வந்தீங்க, அது வேற கதை."

மேட்டு வீட்டின் விலையைக் கேலி செய்கிறாள் என்று எண்ணி நானும் சிரித்தேன். என் கணவர் உள்ளே எழுந்து போனார்.

அடுத்த ஊசிக்கான நாள் நெருங்கியது. மழையும் நெருங்கியது. "வீடு கெடக்கட்டும்மா, நீ வந்துடு," என்று மகள் ஒவ்வொரு இரவும் சொன்னாள். வீட்டை விற்று முடிக்காமல் என் கணவர் நகரமாட்டார். சர்க்கரை நோயுள்ள அவரைத் தனியே விட்டு நான் நகரமாட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றோம்.

ஆபா படித்தது

இப்போது அந்த முற்பகலுக்குத் திரும்பலாம்.

ஜைனப் ஆபாவுக்கு அறுபதுக்குமேல் இருக்கும். அவருடைய தமிழ் முழுவதும் மருத்துவமனையின் படுக்கைப் பிரிவுகளில் கற்றது என்பது சற்று நேரத்தில் தெரிந்தது. சுவரை விரலால் தட்டிவிட்டு, "இங்கே வலி ஏதும் இருக்கா?" என்றார். சன்னலோரக் கீறலைப் பார்த்து, "எத்தனை நாளா இப்படி?" என்றார். நான் சிரித்துவிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

அவரும் விதவையான தங்கையும் ஜங்லிகாட் பகுதியில், தாழ்வான தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். பெருமழைக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். தங்கைக்கு ஆஸ்துமா. "மேலே ஒரு காய்ஞ்ச வீடு, அவ்வளவுதான் பஹன். எங்க போனாலும் ஹோட்டல்காரன் கூட விலை சொல்லி முன்னாடி வந்து நிக்கறான். அப்பத்தான் உங்க போர்டு. நம்மளுக்கு மட்டும்னு."

"ஆபா," என்றேன். "போர்டுல என்ன இருக்குன்னு அப்படியே சொல்லுங்க. எனக்குக் கண் சரியில்லை."

"உங்க போர்டு உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்: "ப்ரீ-ஃபார்ட்டி டூ ஃப்ளாட் ஃபார் சேல்."

பெருநிலத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் தோன்றாது. தீவில் பிறந்து வளர்ந்த எவருக்கும், என்னைப் போல வந்து ஊறியவர்களுக்கும், ப்ரீ-ஃபார்ட்டி டூ என்பது ஆண்டுக் கணக்கு அல்ல; மனிதர்களின் பெயர். ஜப்பானியர் வந்த அந்த ஆண்டுக்கு முன்பே இங்கு வேர் பிடித்த குடும்பங்களும் அவர்களின் வழிவந்தவர்களும்தான் ப்ரீ-ஃபார்ட்டி டூ. கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் பலர். பள்ளிச் சேர்க்கையில், அரசு வேலையில், சான்றிதழ்களில் அந்தச் சொல்லுக்கு இடம் உண்டு. பாண்டி வீட்டின் வயதை எழுதினார். ஊர் முழுவதும் அதை, வேறு யாரும் வரவேண்டாம் என்று படித்தது.

நான் விளக்கியதும் ஆபாவின் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. முகங்கள் எனக்கு அப்போதே விளிம்புகளாக மட்டும் தெரிந்தன. குரல்தான் இறங்கியது.

"அரே... வீட்டுக்கா ப்ரீ-ஃபார்ட்டி டூ? ஆளுக்கு இல்லையா?" பிறகு, "தௌபா, தௌபா. நான் வந்து கண்ணுல தண்ணி வந்திருச்சுன்னு வேற சொன்னேன்."

"இருங்க ஆபா. அந்தப் பக்கத் தாழ்வாரத்துலேர்ந்து துறைமுகம் முழுக்கத் தெரியும். பார்த்துட்டு வாங்க," என்று அவரை அனுப்பிவிட்டு, என் கணவர் இருந்த பக்கம் திரும்பினேன்.

அந்தச் சொல் தன்னுடையதல்ல என்பதைப் பள்ளி நாளிலேயே கசப்புடன் அறிந்தவர் அவர். சில ஆண்டுகள் பிந்தி வந்தவரின் மகன். ஊரில் யாருக்குப் புரியாவிட்டாலும் அவருக்குப் புரியாமல் இருந்திருக்க வழியில்லை.

"எப்பப் பார்த்தீங்க?"

"மாட்டின அன்னிக்கே."

"எனக்கு வேற படிச்சீங்க."

கீழே வண்டியொன்று மேடேறிப் போனது.

"ஒரு வாரம் கெடக்கட்டும்னு நெனச்சேன், கோமதி. அப்புறம் இன்னொரு வாரம். ஒருத்தனும் வரல. அது..." தேடினார். "அது நல்லாயிருந்துச்சு."

நல்லாயிருந்துச்சு. அவர் எனக்குப் படித்துக்காட்டிய எல்லாவற்றையும் ஒரு கணம் சந்தேகித்தேன். மருந்துச்சீட்டின் அளவுகள், மகளின் செய்திகள், அந்த நாவல்களின் முடிவுகள்கூட.

"நீங்க படிக்கறதை என்னால சரிபார்க்க முடியாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அங்க போறதுக்கு அவ்வளவு பயமா?"

"அங்க நான் யாரு?" என்றார். "மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கற ஒரு கிழவன். தெருவுல நின்னா வழி கேக்கக்கூட யாரும் வரமாட்டாங்க, எனக்கு வழி தெரியாதுன்னு மூஞ்சிலேயே எழுதியிருக்கும்."

எனக்குக் கோபம் இருந்தது. அதற்குள்ளேயே, அவர் சொல்வது உண்மை என்பதும் இருந்தது. ஒன்று மற்றொன்றைக் கரைத்துவிடவில்லை. அருகருகே கிடந்தன.

மேற்குப் பக்கம் ஒழுகும்

ஆபா திரும்பி வந்து குடையை எடுத்தார். "நல்ல வீடு. நல்லா வித்துப்போகும். நான் கிளம்பறேன், பஹன்."

"உட்காருங்க. போர்டு உங்களுக்காகத்தான்."

"பொய். இப்பத்தான் இல்லைன்னீங்க."

"ஒருத்தர் தப்பா எழுதினார். இன்னொருத்தர் திருத்தலை. அதனால ஊரே வராம, நீங்க மட்டும் வந்தீங்க. அப்புறம் வேற யாருக்காம் அது?"

குடை மெல்லத் தரையில் ஊன்றப்பட்டது. ஆபா உட்கார்ந்தார்; நாற்காலி கிறீச்சிட்டது. அப்போது என் கணவர் எழுந்தார்.

"மழை மேற்கேர்ந்து அடிச்சா அந்த மூலையில ஒழுகும்," என்றார் ஆபாவிடம். "புதுத் தகடு போட்டும் நிக்கல."

என் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"குழாய்த் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள். வெயில் காலத்துல அதுவும் இல்ல. கூடத்து உத்தரத்துல ஒண்ணுல கரையான் இருந்துச்சு. மருந்து அடிச்சோம், போயிருச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ராத்திரி காத்துக்கு வீடு சத்தம் போடும், தங்கச்சிக்குத் தூக்கம் கலையலாம்."

அடுக்கிக்கொண்டே போனார். வந்த ஒரே மனுஷியையும் திருப்பி அனுப்புகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்வதெல்லாம் உண்மையாக இருந்தது. உண்மையாலும் ஒருவரை விரட்ட முடியும். எழுந்து அவர் வாயைப் பொத்தவேண்டும்போல இருந்தது. கால்கள் அதற்குத் தயாராகவும் இருந்தன.

ஆபா கேட்டார்: "சாப், நீங்க விக்கறீங்களா, பயமுறுத்தறீங்களா?"

"சொல்லாம விடக்கூடாதுன்னு சொல்றேன்."

"ஒழுகற வீட்டுலதான் பொறந்தேன். மூலையில ஒழுகினா வாளி வைப்பேன். இப்ப தரையெல்லாம் ஒழுகுது, எத்தனை வாளி வைக்கறது?" ஆபாவின் குரலில் பழைய உற்சாகம் மீண்டிருந்தது. "பேங்க் வேலையெல்லாம் இருக்கு. தங்கச்சியைக் கூட்டிட்டு வந்து காட்டணும். எனக்கு ஜல்தி ஒண்ணும் இல்ல. நீங்க நிதானமா, மழையெல்லாம் முடிஞ்சு, ஆறு மாசம் கழிச்சுக் காலி பண்ணினாலும் போதும்."

ஆறு மாதம். கேட்காமலேயே என் கணவர் கையில் வைக்கப்பட்ட ஆறு மாதம். இந்த முறை அவர் எதையும் மறைக்கவேண்டியதில்லை, எதையும் மாற்றிப் படிக்கவேண்டியதில்லை. 'டீக் ஹை' என்றால் போதும்.

நான் பேசவில்லை. பேசியிருக்கலாம். என் கண், என் வீடு, என் சொல்லுக்கும் அங்கே பாதி உரிமை இருந்தது. ஆயினும் அதை அவர் சொல்லிக் கேட்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். தாழ்வாரத்துக் கண்ணாடிச் சட்டங்கள் காற்றில் மெல்லக் கிடுகிடுத்தன. அவர் இருந்த திசையில் ஒரு சாம்பல் உருவம் நின்றுகொண்டிருந்தது.

"உங்களுக்கு ஜல்தி இல்ல, ஆபா," என்றார் என் கணவர். "எங்களுக்கு இருக்கு. அடுத்த ஊசிக்கு இவ மதுரையில இருக்கணும். அதுக்கடுத்த ஊசிக்கும் இவ அங்கேயே இருக்கணும்."

பிறகு, யாரும் கேட்காமலேயே, தன்னைத் திருத்திக்கொண்டார்.

"நாங்க இருக்கணும்."